படகு முகத்துக்குக் கண் வைத்த நாள்

மலேசியாவில், ஈப்போ பக்கம் லகாட்டில் நான் வேலை செய்யும் பட்டறையில் கோயில் வாகனங்கள்தாம் அதிகம் செய்வோம். ஒரு நாள் ஈப்போவிலிருந்து ஒரு சீன அம்மா முழ நீளத்தில் ஒரு மரப் படகைக் கொண்டுவந்தார். நியூசிலாந்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். மாவோரி மக்களின் போர்ப் படகைச் சிறிதாகச் செய்து அங்கே யாரோ அவருக்குப் பரிசளித்திருக்கிறார்கள். அதன் முன்முகப்பை இங்கே கரையான் தின்றுவிட்டது. பழைய படத்தையும், தப்பிய இரண்டு சிப்பிக் கண்களையும் கொடுத்து, அதேபோல் செய்து தரச் சொன்னார்.

நாக்கை நீட்டிய முகம். அதன் பின்னே சுருளுக்குள் சுருளாக ஓடும் கோடுகள். அவற்றைச் செதுக்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு பயம் இருந்தது. இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை நோயால் என் வலக் கண் முன்பே மங்கிவிட்டது. இடக் கண்ணை நம்பித்தான் உளி பிடித்தேன். அப்பாவுக்கும் இதே நோய்தான். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தவர், ஒரு காலையில் எது மரம், எது நிழல் என்று தெரியாமல் கத்தியோடு நின்றுவிட்டார். கண்ணுக்குள் சிலந்தி வலை பின்னுகிறது என்றார். அதன்பின் அவர் எதையும் பார்க்கவில்லை.

"என்னா மச்சான், இது நம்ம காளிக்குத் தம்பியா?" என்றான் பக்கத்தில் வேலை செய்பவன்.

"சாமி இல்ல. அவங்க முப்பாட்டன்னு அந்தம்மா சொன்னாங்க."

"அது இன்னும் மோசம் லா. சாமின்னா சூடத்தோட விட்டுரும். பாட்டன் கேள்வி கேப்பான்."

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கண் வைக்கும்போது, முதல் பார்வை நேரே படக் கூடாதென்று யாரும் உருவத்தின் முன்னால் நிற்பதில்லை. எதிரே கண்ணாடியை நிறுத்தி, பின்னாலிருந்து அதில் பார்த்துத்தான் வைப்போம். இதற்கும் அப்படியே செய்தேன். பிற்பகல், மலைப்பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது.

முதல் கண் சரியாக உட்கார்ந்தது. இரண்டாவதை எடுத்தபோது கண்ணாடியில் ஒரு கறுப்பு நூல் தொங்கியது. துணியால் துடைத்தேன். போகவில்லை. நான் பார்வையைத் திருப்பினால் அதுவும் திரும்பியது. பிறகு நூல்கள் பல வந்தன. விரலால் தடவிச் சிப்பியை அழுத்தினேன்.

"எங்க மச்சான் வச்சிருக்க? கன்னத்துல இருக்கு லா!"

அவன் குரல் தாழ்ந்தது. "பாட்டன் கோவிச்சுக்கிட்டான். நீ கண்ண மூடிட்டு உக்காரு. எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாரேன். சுத்திப் போட்டுட்டு, அப்படியே கோயிலுக்குப் போலாம்."

யாரையும் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவன் செருப்பு வாசல்வரை போன சத்தம் கேட்டது. அப்பாவையும் முதலில் கோயிலுக்குத்தான் கூட்டிப்போனார்கள்.

"கோயில் வேணாம்," என்றேன். என் குரல் எனக்கே கத்தலாகக் கேட்டது. "இது இனிப்பு நீர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

அவன் மோட்டாரை எடுத்தான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். முகத்தில் மழை அடித்தது. ஈப்போ வந்ததை வண்டிகளின் இரைச்சலால் அறிந்தேன். ஓரிடத்தில் நின்று, மறுபடி கிளம்பினான். எனக்கு எதிரே மங்கலாக ஒரே சிவப்பாகப் பரவியிருந்தது.

"செவப்பு விழுந்திருக்கு, ஏன் போற?" என்றேன்.

"பச்சை லா, மச்சான்," என்றான்.

ஒருமுறை திரும்பி என் கண்ணைப் பார்த்தான். வண்டியை வேகமாக ஓட்டினான்.