கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்

எனக்கு அன்று தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ரோட்டை அகலப்படுத்தும்போது என் வீட்டின் முன் அறை போகுமா, நிற்குமா? ஹெப்பாள் ஃபாக்டரி ரோட்டோரம் எங்கள் லைன் வீட்டு வரிசையில் முதல் வீடு என்னுடையது. கொள்ளேகாலிலிருந்து வந்து ஊரார் வீட்டுக்கெல்லாம் சித்தாளாகக் கல் சுமந்துவிட்டு, கடைசியில் எனக்கென்று நானே கலவை போட்டு எழுப்பிய இரண்டு அறை. சர்வே ஆட்கள் வந்து அளந்தார்கள், போனார்கள். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு அறையும் ஒழுகியது. கையில் இருந்த சிமெண்ட் ஷீட் ஒரு அறைக்குத்தான் காணும். எந்த அறைக்குப் போடுவது? மழைக்கு முன்னால் தெரிந்தாக வேண்டும்.

கார்ப்பரேஷன் எலெக்‌ஷன் வந்தது. கேபிள் டிவிக்காரர்கள் எங்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மூன்று வேட்பாளர்களை உட்கார வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கேள்வி கேட்டார்கள். கோட்டுப் போட்ட பையன் ஒருவன் மைக்கோடு நின்றான். சாக்கடை எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டான். முதல் ஆள் தன் அப்பா செய்த சேவையைச் சொன்னார். இரண்டாம் ஆள் முதல் ஆளின் அப்பாவைப் பற்றிச் சொன்னார். மூன்றாமவர் ஏற்கெனவே கவுன்சிலராக இருந்தவர். எதைக் கேட்டாலும் "ஒள்ளே ப்ரஷ்னே" என்பார். நல்ல கேள்வியாம். அப்புறம் அந்த நல்ல கேள்வியின் பக்கமே போகமாட்டார்.

நான் மேஸ்திரிகளோடு வேலை செய்தவள். சுவர் நேராக இருக்கிறதா என்று கேட்டால் மேஸ்திரி தூக்குக்குண்டை விட்டுக் காட்டுவார். மணல் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று கதை சொல்லமாட்டார். இவர்கள் மூன்று பேரும் மணல் கதையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மைக் என்னிடம் வந்தது. எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கவுன்சிலரைக் கேட்டேன். முன் அறை போகுமா, நிற்குமா?

"நீங்க நம்ம தாயி மாதிரி அம்மா," என்றார், எனக்காகத் தமிழில். "இந்த லைன்னா எனக்கு உயிரு."

"சந்தோசமுங்க. அறை நிக்குமுங்களா?"

"தமிழோ கன்னடமோ, நாமெல்லா ஒந்தே அல்வா?"

"ஒண்ணுதானுங்க. அறையச் சொல்லுங்க."

"சர்க்கார் யோசனெ மாடுத்தெ அம்மா." சர்க்கார் யோசிக்குமாம்.

பையன் மைக்கை இழுத்துக்கொண்டான். "டைம் ஆய்த்து அம்மா."

எனக்குப் பொறுமை போயிற்று. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பஞ்சாயத்தில் பேச்சு இப்படி முடிவில்லாமல் ஓடினால் கற்பூரம் ஏற்றி நடுவில் வைப்பார்கள். சொல்வது மெய் என்றால் உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொல்கிறவன் கையை நீட்டமாட்டான். நேரே அம்மன் முன்னால் போனேன். பூசாரி "ஏனுங்க்கா, என்னத்துக்குங்க?" என்று கேட்கக் கேட்கத் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்து கவுன்சிலர் முன்னால் நீட்டினேன்.

அவர் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். தீயின் மேல் இரண்டு கையையும் பரப்பி, கண்ணில் பக்தியோடு ஒற்றிக்கொண்டார். பிறகு குனிந்து என் காலைத் தொட்டார். ஜனங்கள் கை தட்டினார்கள். எரிகிற தட்டைப் பிடித்துக்கொண்டு நான் எங்கே நகருவது? அந்த வழக்கம் அவருக்குத் தெரியாதா, தெரிந்தேதான் செய்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து டிவி பார்த்தோம். என் கேள்வி வரவில்லை. தட்டு வந்தது, குனிந்த தலை வந்தது, தாய்மார்களின் ஆசீர்வாதம் என்று ஒரு குரலும் வந்தது.

"ஏனுங்க்கா, நீங்க கேட்டது எங்கீங்க?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "கேள்வி கேக்கறேன்னு போனவ ஆரத்தி எடுத்துட்டு வந்திருக்கறா. அடுத்த தடவ மாலையும் வாங்கிட்டுப் போ."

"நீங்க வாய மூடுங்க," என்றேன்.

மறுநாள் கேபிள் ஆபீசுக்கு நடந்தேன். கோட்டுப் பையன் கோட்டு இல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் கேட்டதை ஏன் வெட்டினாய் என்றேன்.

"அம்மா, நீங்க மூணு தடவ கேட்டிருக்கீங்க. அவரு ஒரு தடவகூட பதில் சொல்லலே. பதில் இல்லாத கேள்விய டிவியில ஹேகம்மா போடறது?"

"அதத்தாம்ப்பா போடோணும். ஊரு பாக்கட்டும்."

சிரித்தான். எனக்கும் ஒரு டீ சொன்னான். நான் குடிக்கவில்லை.

தெருவில் ஒரு வாரம் நான் கவுன்சிலர் கட்சிக்காரி ஆகிவிட்டேன். என் வாழ்நாளில் யாருக்கும் கொடி பிடிக்காதவள். அவரும் ஜெயித்தார். மழை வருகிறமாதிரி இருந்தது. இத்தனை பேர் பார்க்கக் காலில் விழுந்த மனிதர் அறையை இடிக்கவிடுவாரா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஷீட்டை முன் அறைக்கே போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து ரோடு வந்தது. முன் அறை போயிற்று, கழற்றும்போதே உடைந்து ஷீட்டும் போயிற்று. இடித்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. ரோடு எல்லாருக்கும் வேண்டியதுதான், நானும் எத்தனையோ சுவரை இடித்தவள். போகும் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஷீட்டைப் பின் அறைக்குப் போட்டிருப்பேன். ரோடு வந்த மழைக்காலமும் அடுத்ததும் மிச்சமிருந்த பின் அறையில் பாத்திரம் வைத்துத்தான் தண்ணீர் பிடித்தோம்.