பார்த்த வரையில்

ஜெசிந்தா இறந்த செய்தி வந்தபோது நான் சுசீந்திரம் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அலுவலக முதலாளி தாணு அண்ணாச்சிதான் அழைத்தார். "மக்கா, நம்ம ஜெசி போயிட்டா" என்றார். அழைப்பைத் துண்டிக்கவில்லை. நானும் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. பஸ் நாகர்கோவிலைத் தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் வயல்.

அவளை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள், கூட வேலை பார்த்த நாங்கள் சிலர்தான். மற்றவர்களுக்கு அவள் குளச்சல் பக்கத்துக் கடற்கரையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும், சத்தமாகச் சிரிக்கும் ஒரு பெண். அவள் வேலை என்ன என்று கேட்டால் வீட்டில், "கம்ப்யூட்டர்ல ஓட்டை தேடுதா" என்பார்களாம். சரியான விளக்கம்தான்.

எல்லா மென்பொருளிலும் பிழைகள் உண்டு. சில பிழைகளின் வழியே வெளியாள் உள்ளே நுழையலாம். அப்படி ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கு ஓர் எண் கொடுத்துப் பொதுவில் பதிவு செய்வார்கள். யாரும் படிக்கலாம். திருடனும் படிப்பான். படிக்காதவர்கள் அந்த மென்பொருளை நம்பிக் கடை நடத்துகிறவர்கள் மட்டும்தான். தாணு அண்ணாச்சியின் சிறிய அலுவலகத்தில் ஜெசி உருவாக்கியது, அந்தப் பதிவுகளுக்குள் தேடும் கருவி. மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் கொடுத்தால் போதும். அதில் ஏற்கெனவே தெரிந்த ஓட்டைகள் எவை, எப்படி அடைப்பது என்று சொல்லிவிடும்.

கருவி ஓடத் தொடங்கியதும் அவள் முதலில் தேடியது எங்கள் சொந்த சர்வரைத்தான். திரை முழுக்கச் சிவப்பு வரிகள், ஒவ்வொன்றும் ஓர் ஓட்டை.

"ஏட்டி, நம்ம கடையவே நாறடிக்கியே" என்று அண்ணாச்சி தலையில் கை வைத்தார். "யாராவது வந்துரப் போறாவ. அத மூடு மொதல்ல."

"ஸ்கிரீன மூடுனா ஓட்டை அடையுமா அண்ணாச்சி?"

மறுநாள் வேறு வேலை நடக்கவில்லை. சிவப்பு ஒவ்வொன்றாகக் குறைந்தது. கடைசி வரி மறைந்ததும் அண்ணாச்சி எல்லோருக்கும் ரசவடை வாங்கிவந்தார். ஜெசிக்குக் கொடுக்கும்போது மட்டும் முறைத்தார்.

அவளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருவது இன்னொரு நாள்.

பல ஊர்களில் கிளைகள் வைத்திருந்த ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் உரிமையாளர் எங்களிடம் வந்தார். முடிவுகளை இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது அப்போது புதுமை. தன் மென்பொருள் பாதுகாப்பானது என்று பச்சை நிறத்தில் ஒரு குறி போட்டுத் தரவேண்டும் என்றார். ஒப்பந்தம் கிடைத்தால் அலுவலகம் பிழைக்கும். கிடைக்காவிட்டால் மூடுவதாக அண்ணாச்சி எங்களிடம் சொல்லியிருந்தார்.

ஜெசி தேடினாள். அது உள்ளூரில் யாரோ எழுதிய மென்பொருள். பதிவுகளில் அதன் பெயரே இல்லை. திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி மட்டும் வந்தது. அதை எழுதியவள் அவள்தான். 'பதிவுகளில் எதுவும் காணப்படவில்லை. ஓட்டை இல்லை என்பது இதன் பொருளல்ல.'

"ஒரு வரிதானே மக்கா" என்று அண்ணாச்சி கெஞ்சினார். "பச்சையா ஒரு டிக்கு போட்டா என்ன கொறஞ்சா போவும்?"

"அத யாரும் தொறந்தே பாக்கல அண்ணாச்சி. அதான் பேரு வரல. பாக்காததுக்கு எப்பிடி சர்ட்டிபிகேட் குடுக்கது?"

உரிமையாளர் எழுந்துவிட்டார். ஜெசி எழவில்லை.

"சார், ஒருத்தருக்கு மலேரியா பாக்கிய. ஒண்ணும் கிட்டல. ரிப்போர்ட்டுல என்ன எழுதுவிய?"

"கிருமி காணப்படவில்லைன்னு எழுதுவோம்."

"மலேரியா இல்லன்னே எழுதுனா என்ன?"

"அதெப்பிடிம்மா? நாங்க பாத்தது ஒரு சொட்டு ரத்தம்..."

அவரே நிறுத்தினார். திரையிலிருந்த சாம்பல் வரியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "கொள்ளாம், நல்லாருக்கு. என் ஊசியாலயே என்னக் குத்துதா, பாத்தியளா?"

அவர் கையெழுத்திட்டார். பச்சைக் குறி இல்லாமல். மென்பொருளைத் திறந்து முழுக்கப் பார்க்கும் வேலையையும் அவளுக்கே கொடுத்தார். அவள் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். எழுதியவருக்குச் சொன்னாள். அடைத்தார்கள். அதன்பின்தான் பொதுவில் பதிவு செய்தாள். அதற்குப் பிறகு அந்த மென்பொருளைத் தேடினால் பெயர் வந்தது. ஒருத்தி உட்கார்ந்து பார்த்ததால்.

சென்ற ஆண்டு அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. முதல் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து, நோய் முற்றிய பிறகுதான் தெரிந்தது. அப்போதே கண்டுபிடித்திருக்கலாம் என்று நான் கோபப்பட்டேன்.

"அவிய பொய் சொல்லல மக்கா" என்றாள் ஜெசி. "பாத்த வரைக்கும் சொன்னாவ. பெறவும் வரச் சொன்னாவ. நாந்தான் வேலை வேலைன்னு போவல." பிறகு சிரித்தாள். "பேட்ச் போட்டு ஓட்டைய அடைக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொன்னவ."

அடக்கம் முடிந்து அவள் வீட்டுக்குப் போனோம். மூட்டுவலியால் அவள் அம்மாவால் மருத்துவமனைக்கு ஒருமுறையும் வர முடிந்திருக்கவில்லை. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

"கடைசில அவளுக்கு நோவு இருந்துதா மக்ளே? எல்லாரும் இல்லங்காவ. ஒரே மாதிரி சொல்லுதாவ. நீ சொல்லு."

இல்லை என்று சொல்வது எளிது. அறையில் இருந்தவர்கள் அதற்காகவே என்னைப் பார்த்தார்கள். ஜெசியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு வரி. சாம்பல் நிறத்தில்.

"எனக்குத் தெரியாதும்மா. அவ போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவசரத்துல ரெண்டு காலுக்கும் வேற வேற செருப்பு போட்டுட்டுப் போயிட்டேன். அதப் பாத்து சிரிச்சா. அதுக்குப் பெறவு என்னன்னு எனக்குத் தெரியாது."

அம்மா குனிந்து என் கால்களைப் பார்த்தார். வெறுங்கால்கள். செருப்பை வாசலில் விட்டிருந்தேன்.

"சிரிச்சாளா?"

"சிரிச்சா."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான். நர்ஸ் எட்டிப் பாத்தாவ."

என் கையை அவர் விடவில்லை. அழத் தொடங்கியது அப்போதுதான். ஆனால் அதற்கு முன்பு ஒரு கணம், மகளின் அதே வாயோடு, அவரும் சிரித்தார். அதை நான் பார்த்தேன்.