பாட்டுக்கு நடுவில் அவன் பேசியது

தாம்பரத்தில் காலை லோக்கலில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், நான் கைபேசியில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகிறேன். உலகத்தில் உள்ள ராக் இசைக் கிறுக்கர்கள் கூடிச் சண்டை போடும் ஒரு குழு அது. சண்டை எப்போதும் ஒன்றுதான். ஒரு பேண்டின் மேடை நிகழ்ச்சிகளைப் பத்து ஊர்களில் பதிவு செய்து, எந்தப் பாட்டு எந்த ஊரில் நன்றாக அமைந்ததோ அதை மட்டும் பொறுக்கிக் கோர்த்து ஆல்பம் போடுவது ஒரு வகை. ஒரே ஒரு நாள் நிகழ்ச்சியை, கிட்டாரைச் சுருதி சேர்ப்பதிலிருந்து கடைசி வணக்கம் வரை, பிசகு உட்பட அப்படியே வெளியிடுவது இன்னொரு வகை. எது உசத்தி என்று நரைத்த தலைகள் ஒன்றையொன்று கிழித்துக்கொள்கின்றன. பல்லாவரம் வருவதற்குள் எனக்கு அலுத்துவிடும். மறுநாளும் அதையேதான் திறக்கிறேன்.

நானும் இந்தச் சண்டையில் வாய் வலிக்கக் கத்தியவன்தான். நான் பொறுக்கிக் கோர்க்கிற கட்சி. என் கல்லூரி நண்பன் முழு நிகழ்ச்சிக் கட்சி. அவனுக்குப் பம்மல், அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை. எனக்கு அஸ்தினாபுரம், அம்மா பள்ளிக்கூட டீச்சர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது வெளிநாட்டு ராக் கேசட் மட்டும்தான். வெளியில் விற்கிற ஆல்பம் எதுவும் அவனுக்குப் போதாது. எவனோ ஒருவன் கூட்டத்தில் நின்று திருட்டுத்தனமாகப் பதிவு செய்த முழு நிகழ்ச்சியை, பத்துக் கை மாறி இரைச்சலே மிஞ்சிய கேசட்டில் வாங்கிவந்து, கண்ணை மூடிக் கேட்பான்.

"கல்யாண வூட்டுக்குப் போயி பாயசத்த மட்டும் குடிச்சிகினு வர ஆளுடா நீ. எனக்கு எல போட்டதுலேந்து வெத்தல மடிக்கிற வரைக்கும் வேணும்" என்பான்.

"ஊறுகா கெட்டுப்போயிருந்தாலுமா?"

"அதத்தான் மச்சான் மொதல்ல நக்கிப் பாப்பேன்."

நாங்களே ஒரு பேண்ட் வைத்திருந்தோம். பெரிதாக ஒன்றும் இல்லை. கல்லூரி விழாக்கள், ஒரு சர்ச் இளைஞர் கூட்டம், ஒருமுறை கோவளத்தில் கடற்கரை ஓரம் ஒரு ஓட்டல் திறப்பு விழா. மொத்தம் பதினொரு மேடை. அவன் பாடுவான், நான் கிட்டார். ஒவ்வொரு மேடையிலும் சவுண்டு சர்வீஸ்காரர் மேஜை மேல் தன்னுடைய டேப் ரெக்கார்டரை வைத்துவிட்டு வருவான். தொண்ணூறு நிமிடக் கேசட், பக்கம் தானாகத் திரும்பி இரண்டும் முழுசாக ஓடும். எங்கள் நிகழ்ச்சியையும் உலகம் ஒருநாள் முழுசாகக் கேட்கும் என்ற நினைப்பு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவன் பாடுவது ஆங்கிலப் பாட்டு. பாடும்போது லண்டனில் பிறந்தவன் மாதிரி நாக்கைச் சுழற்றுவான். குரல் சுமாராக இருக்கும். பாட்டு முடிந்து மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால்தான் பம்மல் வெளியே வரும். ஷேர் ஆட்டோவில் பதினாறு பேரோடு கிட்டாரை மடியில் வைத்து வந்த கதை, டிரம்ஸ்காரனின் கிழிந்த செருப்பு, விழாவுக்கு வந்திருக்கும் பிரின்சிபாலின் கொட்டாவி. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஒரு மேடைக்கு அரை மணி நேரமாவது பேச்சிலேயே போகும். அந்த நேரமெல்லாம் நான் குனிந்து சுருதி சேர்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருப்பேன். விரல் நுனி கன்றிப்போகும் அளவுக்குப் பழகிய சோலோவுக்கு நாலு கைதட்டல், இவன் வாய்க்கு நானூறு. எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்குச் சொல்லலாம், அன்றைக்குச் சொல்ல முடியவில்லை.

பேண்ட் கலைந்து எல்லாரும் வேலைக்குப் போன பிறகு நான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அவன் பதினொரு கேசட்டையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். "முழுசா ஏத்து மச்சான், ஒண்ணும் வெட்டாத." சரி என்றேன். ஏற்றினேன். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிறைந்துவிட்டது. ஒலி திரையில் படமாகத் தெரியும். பாட்டு இருக்கும் இடம் பருத்து, பேச்சு இருக்கும் இடம் மெலிந்து. நான் காதால் கேட்கக்கூட இல்லை. மெலிந்த இடத்தையெல்லாம் கண்ணால் பார்த்து வெட்டித் தள்ளினேன். பதினொரு மேடையிலிருந்து பன்னிரண்டு நல்ல பாட்டு பொறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு சிடி போட்டேன். மிச்சத்தை அழித்தேன். இடம் இல்லை என்பது உண்மைதான். இடம் இருந்திருந்தாலும் வெட்டியிருப்பேன்.

அந்தச் சிடியை அவன் கல்யாணத்தில் பரிசாகக் கொடுத்தேன். கேட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துப் போன் செய்தான். "சூப்பரா கீது மச்சான். ஆனா இதுல நாம எங்க கீறோம்?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான். கேசட்டைத் திருப்பித் தா என்றான். தருகிறேன் என்றேன்.

தரவில்லை. எங்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் இருந்தது. நோய்வாய்ப்பட்டு ஆராதனைக்கு வர முடியாதவர்களுக்காகப் பிரசங்கத்தைக் கேசட்டில் பதிந்து வீடு வீடாக அனுப்புவார்கள். அந்தப் பொறுப்பு கொஞ்ச வருஷம் அம்மா கையில் இருந்தது. காலிக் கேசட் இருந்தால் கொடேன் என்று கேட்டார்கள். நான் அந்தத் துணிப்பையைக் காட்டினேன். அழிந்துவிடக் கூடாது என்று நண்பன் ஒவ்வொரு கேசட்டின் தலையிலும் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்து வைத்திருந்தான். பல் இல்லாவிட்டால் மேலே பதிய முடியாது. அந்தப் பள்ளத்தில் செலோ டேப் ஒட்டினால் பதியலாம். அம்மாவுக்கு அது தெரியாது. நான்தான் உட்கார்ந்து பதினொன்றுக்கும் ஒட்டிக் கொடுத்தேன்.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவனுக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அவன் மகளுக்கு அப்போது பதினொரு மாதம். அதற்குப் பிறகு, கழுத்தில் அழுத்திப் பிடித்தால் பேச உதவும் ஒரு கருவி வந்தது. அதில் எல்லாச் சொல்லும் ஒரே மாதிரி வரும். கோபமும் கேலியும் பாசமும் ஒரே சத்தம். பல்லாவரத்தில் ஒரு அச்சகத்தில், அதிகம் பேச வேண்டாத கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்தான். நான் மாதம் ஒருமுறை போவேன், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு கிறிஸ்துமஸ் கேக்கோடு மட்டும். நண்பனைப் பார்க்கப் போகக்கூட அலுப்பாக இருக்கும் வயது ஒன்று வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

போன மாதம் அவன் மகள் போன் செய்தாள். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள்.

"அங்கிள், அப்பா பேசுற மாதிரி ரெக்கார்டிங் ஏதாவது இருக்கா?"

"சிடி இருக்கேம்மா."

"அது பாட்டு அங்கிள். அது யாரோ வெள்ளைக்காரன் மாதிரி இருக்கு. பேசுறது வேணும். கல்யாண வீடியோல பாத்தேன், ஃபுல்லா சினிமாப் பாட்டப் போட்டு மூடிட்டாங்க. அப்பா வாய் மட்டும் அசையுது. எல்லா ஷோவையும் முழுசா டேப் பண்ணுவாராமே, உங்ககிட்டதான் இருக்குன்னு அம்மா சொன்னாங்க."

"வெள்ளத்துல போச்சும்மா" என்றேன்.

"ஓ. பரவால்ல அங்கிள்" என்று வைத்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் எது காணாமல் போனாலும் வெள்ளத்தின் தலையில் போடுவது சுலபம், யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. அந்தப் 'பரவால்ல' மூன்று நாள் என்னைச் சாப்பிட விடவில்லை.

சனிக்கிழமை பரணில் ஏறி அம்மாவின் பிரசங்கப் பெட்டியை இறக்கினேன். வீடு வீடாகப் போன கேசட்டுகளில் நாலுதான் திரும்பி வந்திருந்தன. நண்பனின் கையெழுத்தை அடித்துவிட்டு அதன் மேல் அம்மா வேத வசனம் எழுதியிருந்தார்கள். என் பழைய கேசட் டெக்கின் ரப்பர் பெல்ட் உருகிக் கரிப்பசையாகக் கிடந்தது. குரோம்பேட்டையில் ஒருவர் மாற்றிக் கொடுத்தார். எனக்கிருந்தது ஒரே ஒரு நம்பிக்கை. பிரசங்கம் சில நாள் சீக்கிரம் முடியும். முடிந்த இடத்துக்குப் பிறகு, அந்தப் பக்கத்தின் கடைசியில், பழையது அழியாமல் இருக்கலாம்.

மூன்று கேசட்டில் ஆண்டவரின் வார்த்தை கடைசி அங்குலம் வரை இருந்தது. பிரசங்கம் செய்யும் எங்கள் சர்ச் ஐயருக்கு நேரத்தைப் பற்றிய கவலையே கிடையாது. நாலாவதில் ஒரு பக்கம் 'ஆமென்' வந்தது, ஒரு 'டப்', பிறகு இரைச்சலோடு என் கிட்டார் சோலோ. நாலு நிமிடத்துக்கு மேல் ஓடியது. அவ்வளவு நீளமாக வாசித்திருக்கிறேன் என்பதே நினைவில்லை. கேட்கக் கேட்க எனக்கே எரிச்சலாக வந்தது, எப்போதடா முடிப்பாய் என்று. சட்டென்று ஒரு கம்பி அறுந்த சத்தம். சோலோ நின்றது. அதற்குப் பிறகு நாற்பது நொடி அவன் பேசியிருந்தான்.

மறுநாள் ஞாயிறு மதியம் அந்த நாற்பது நொடியைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு, கேசட்டையும் பையில் போட்டுக்கொண்டு பம்மலுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்து, "வாங்கண்ணா, என்ன அதிசயமா" என்றாள். அவனும் மகளும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கைபேசியை மகள் கையில் கொடுத்து ஓட்டச் சொன்னேன்.

கூட்டத்தின் சத்தம். பிறகு அவன்: "டேய் டேய், போவாதீங்கோ, கம்பி அந்துச்சு, அவ்ளோதான். பின்னால போயி மாத்திகினு கீறான். என்னப் பாத்து சிரிக்கிறீங்களே, நான் சும்மா வாயி. அவன்தான்யா பேண்டு. அவன் இல்லாங்காட்டி நான் பம்மல் பஸ் ஸ்டாண்டுல கூவிகினு இருப்பேன். ரெண்டு நாளா ஐயா எங்கூட பேசல, செம காண்டு. இன்னாத்துக்குக் காண்டுன்னா..."

அங்கே கேசட்டின் பக்கம் முடிந்துவிட்டது. தொடர்ச்சி இருந்திருக்க வேண்டிய மறுபக்கத்தின் மேல் பிரசங்கம் ஏறியிருந்தது.

அவன் மனைவி சமையலறை வாசலில் நின்றபடியே வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் கைபேசியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவன் அதற்குள் என் பையிலிருந்து கேசட்டை எடுத்திருந்தான். தலைப் பக்கம் ஒட்டியிருந்த, பழுத்த செலோ டேப்பைக் கட்டை விரலால் தடவினான். வெள்ளம் இல்லை என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. கழுத்தில் கருவியை வைத்தான்.

"இன்னாத்துக்கு மச்சான் காண்டு, அன்னிக்கு?"

உண்மையாகவே மறந்திருந்தான். நான் வெட்டாமல் விட்டிருந்தால் அதையும் அவன் வாயாலேயே கேட்டிருப்போம். பெண்பிள்ளை முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனால் பொய் சொல்லவும் தெம்பு இல்லை.

"கூட்டம் உன் பேச்சுக்குத்தான்டா வந்துது. என் வாசிப்புக்கு இல்ல. பொறாமை. அதனாலதான் எல்லாத்தையும் வெட்டினேன். கேசட்டையும் நான்தான் அழிச்சேன்" என்றேன்.

அவன் தோள் குலுங்கியது. சத்தம் இல்லாததால் அது சிரிப்பா என்று சட்டென்று தெரியவில்லை. சிரிப்புதான். கையை நீட்டி என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினான். அவன் மன்னித்துவிட்டான் என்று நினைத்தேன். அவன் எப்போதும் அப்படித்தான்.

மகள் சிரிக்கவில்லை.

"ஒரு ஷோல அப்பா எவ்ளோ நேரம் பேசுவாரு அங்கிள்?"

"அரை மணி நேரம் இருக்கும்மா."

"எத்தனை ஷோ?"

"பதினொண்ணு."

அவள் மனதுக்குள் பெருக்கிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. குனிந்து, அந்த நாற்பது நொடியை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.