இரண்டு கள்ள ஓட்டும் ஒரு சுவரும்

என் மனைவி ஜாஸ்மினுக்கு என்ன வேலை என்று சேரப்பணஞ்சேரியில் யாரைக் கேட்டாலும் "கோடு போடற வேலை" என்பார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எம்.எஸ்ஸி. பௌதிகம் படித்தவள். தண்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆராய்ச்சிக் கூடத்தில் அளவுகளைச் சரிபார்த்து மதிப்பிடும் வேலை அவளுக்கு. நான் சாம்சன், அங்கேயே எலெக்ட்ரீஷியன்.

புரோட்டானை வேகமாக லித்தியத்தில் மோதவிட்டால் நியூட்ரான் தெறிக்கும். எந்த வேகத்துக்கு எவ்வளவு தெறிக்கும் என்று பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அளந்து கட்டுரை எழுதியிருக்கும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. யாரை நம்பலாம், எவ்வளவு நம்பலாம் என்று அலசிப் பார்த்து, வரைதாளில் ஒரே கோடாக அவள் போட்டுத் தருவாள். அந்தக் கோட்டை வைத்துத்தான் இயந்திரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்புவார்கள். நியூட்ரான் கண்ணுக்குத் தெரியாது. சுவர் போதாவிட்டால் அடுத்த அறையில் இருப்பவர் உடம்பைத்தான் துளைக்கும்.

1991இல் எங்கள் கூடத்துக்கு அப்படியோர் இயந்திரம் வருவதாக இருந்தது. சுவர் கட்ட வந்த மேஸ்திரி எல்லப்பன் வாலாஜாபாத்துக்காரர். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் நாள் முழுக்க உட்கார்ந்து அளவு குறிக்கும் வேலை அவர் மகள் சத்யப்பிரியாவுக்குக் கிடைத்திருந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜாஸ்மின் கையில் நான்கு கட்டுரைகள் இருந்தன. மூன்று ஒரே அளவைச் சொல்லின. நான்காவது, நியூட்ரான் அதைப்போல ஒன்றரை மடங்கு வரும் என்றது. எங்கள் தலைவர் பரசுராமன் நான்கையும் கூட்டி வகுத்து, வந்த சராசரிக்குச் சுவரின் கனத்தை வரைபடத்தில் ஏற்றிவிட்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அவள் விடவில்லை, கட்டுரைகளை அடிக்குறிப்பு வரை தோண்டினாள். இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் எத்தனை நியூட்ரான் என்று எண்ணவே இல்லை! கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு, கோட்டின் உயரத்தை, அதாவது எண்ணிக்கையை, முதல் ஆளின் கட்டுரையிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார்கள். ஆக, எண்ணியவர்கள் இரண்டே பேர். அவர்களில் யார் சரி என்று தனக்கும் தெரியாது, தெரிகிற வரைக்கும் பெரிய அளவுக்குத்தான் சுவர் கட்ட வேண்டும் என்றாள் ஜாஸ்மின்.

வரைபடத்தை மாற்றினால் திறப்பு விழா தள்ளிப்போகும் என்று பரசுராமன் மழுப்பினார். கான்கிரீட் போடுகிற காலையில், வரைபடத்தின் அளவு சரி என்று அவளிடம் கையெழுத்து வாங்கச் சுவரடிக்கே வந்து நின்றார். நாலில் மூன்று பேர் குறைவாகச் சொல்லும்போது சராசரியே தாராளம்தானே என்று பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினார்.

"ஒருத்தனே மூணு தபா வந்து குத்தினா அது மூணு ஓட்டா சார்? ஒண்ணுதான் நல்ல ஓட்டு. மத்த ரெண்டும் கள்ள ஓட்டு" என்றாள் ஜாஸ்மின்.

அவர் சிரித்தார். கையிலிருந்த கட்டிங் பிளேயரை அந்தச் சிரிப்பின் மேல் வீசலாமா என்றிருந்தது எனக்கு. ஜாஸ்மினுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்றைக்கு நன்றாகவே இறங்கியது.

"உங்க டேபிளை இந்தச் சுவத்துக்குப் பின்னால போடுங்க சார். இப்பவே கையெழுத்து போடறேன்."

தன் அறை மாடியில் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதே என்றார் பரசுராமன்.

கலவை மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லப்பன் அதை நிறுத்தச் சொன்னார். கான்கிரீட் ஊற்ற நிறுத்தியிருந்த பலகைக்குக் கொடுத்திருந்த முட்டுகளைக் கடப்பாரையால் ஒவ்வொன்றாக நெம்பித் தள்ளினார். பரசுராமன் கத்தினார். வேறு மேஸ்திரி கிடைக்காமலா போய்விடுவான் என்றார். வேலையாட்கள் ஒருவரும் சட்டியைத் தொடவில்லை.

எல்லப்பன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மடியிலிருந்த சாக்கட்டியை எடுத்து ஜாஸ்மினிடம் நீட்டினார்.

"சார் குந்தாத எடத்துல எம்பொண்ணு குந்துமா? பலவைய எங்க அடிக்கணும், நீயே கோடு போடும்மா."

அவள் குனிந்து தரையில் கோடு போட்டாள்.