எந்த மலை என்று கேட்கவில்லை

வெளிக்கிடுகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது, கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தார். ஜெர்மனியில், கெம்ப்டனில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருந்தும் இந்த ஒன்றை மட்டும் நான் விடவில்லை. கணவர் "வாறன்" என்பார், நான் "ஓம், வாங்கோ" என்பேன். எங்கே போனார் என்பது அவர் திரும்பி வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் தெரியவரும். கடைக்குப் போனாலும் அப்படித்தான், மலைக்குப் போனாலும் அப்படித்தான்.

மலைப் பைத்தியம் அவருக்கு வேலைத்தலத்து நண்பர் ஒருவரால் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு மேட்டைக்கூடக் கண்டிராத மனிதர், ஐம்பது வயதில் கால் பனியில் புதையாமலிருக்கச் சப்பாத்தின் கீழ் பனித்தட்டுகளைக் கட்டிக்கொண்டு பாதையில்லாத இடங்களில் ஏறத் தொடங்கினார். நான் அடிக்காத நக்கல் இல்லை. ஆனாலும் ஆள் கவனமானவர். பல் விளக்க முன்னரே பனிச்சரிவு அறிவித்தலைப் பார்த்துவிடுவார்.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை. அறிவித்தல் மூன்றாம் நிலை என்றது; ஐந்துதான் உச்சம். அடியில் கிடக்கும் பழைய பனி சீனி மாதிரி உதிரியாகிவிட்டது, அதன் மேல் காற்று புதுப்பனியைப் பலகையாக இறுக்கி வைத்திருக்கிறது, ஓர் ஆள் மிதித்தாலே பலகை முழுவதும் வழுக்கிக்கொண்டு இறங்கும் என்று ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டபடி விளக்கினார். நண்பருக்குக் காய்ச்சல் என்பதால் அன்றைக்குத் தனிப் பயணம்.

"இண்டைக்கு வீட்டில நிண்டால் என்ன?" என்றேன்.

"செங்குத்தான பக்கம் போகமாட்டன். பயப்பிடாதையும்."

எந்த மலை என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். கார் எனக்குத் தேவைப்பட்டதால் அவர் ரயிலில் போனார்.

இருட்டியும் ஆளைக் காணவில்லை. போனும் வேலை செய்யவில்லை. அவசர இலக்கத்துக்கு அடித்தேன். எந்தப் பள்ளத்தாக்கு, எந்த மலை, எந்தப் பக்கத்தால் ஏறினார் என்று எடுத்த பெண் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தெரியாது என்றேன். "நீங்கள் அவரிடம் கேட்கவில்லையா?" என்றாள். சகுனத்தை அவளுக்கு ஜெர்மன் மொழியில் எப்படி விளங்கப்படுத்துவது?

காய்ச்சலில் கிடந்த நண்பர், தாங்கள் வழமையாகப் போகும் பள்ளத்தாக்கைச் சொன்னார். மீட்புக் குழுவினர் அங்கே போனார்கள். சாய்வில் புதிதாக ஒரு பனிச்சரிவு இறங்கியிருந்தது. ஒற்றை ஆளின் தடம் ஒன்று அதற்குள் போய் மறைந்திருந்தது. காலையிலேயே யாரோ பத்திரமாகக் கடந்து போன தடம் அது என்பது பிறகுதான் தெரிந்தது. என் கணவர் கீழே புதைந்து கிடக்கிறார் என்றே தேடினார்கள். அப்போது மேலே மிச்சமிருந்த பனி இடிந்து இறங்கி, அவர்களில் ஒருவரை இழுத்துக்கொண்டு போய் மரத்தில் மோதியது.

என் கணவர் இருந்தது வேறொரு மலையில். சரிவுக்கு முன்னறிவிப்பாகக் காலடியில் பனி பொத்தென்று அமரும் சத்தம் கேட்டதுமே திரும்பிவிட்டார். காட்டுக்குள்ளால் சுற்றி இறங்கியதில் ரயில் நிலையத்துக்கான கடைசி பஸ் போய்விட்டது, போன் குளிரில் செத்துவிட்டது. நடந்தே ஒரு விடுதியை அடைந்து அங்கிருந்து எனக்குப் போன் எடுத்தார். பனியில் அவர் ஒரு பிழையும் விடவில்லை. வாசலில் நான் கேட்டிருந்தால் ஒருவரும் அந்தச் சாய்வில் ஏறியிருக்கத் தேவையில்லை.

அடிபட்டவரை அவர் வீட்டில் பார்க்கப் போனோம். மீட்புக் குழுவில் தொண்டர்; தொழிலால் கூரை வேலை செய்யும் தச்சர். இடது முழங்கால் இனி முழுதாக மடியாதாம், கூரையில் ஏற முடியாதாம். அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வாசல்வரை வந்த அவருடைய மனைவி என்னிடம் மட்டும் சொன்னாள்: "இவர் வெளியே போகும்போதெல்லாம் எங்கே என்று கேட்பேன். அன்றைக்கும் கேட்டேன். உங்கள் கணவரைத் தேடப் போவதாகச் சொன்னார்."

வீட்டுக்கு வந்து யாழ்ப்பாணத்துக்கு, அம்மாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாத்தியே பிள்ளை, கேட்டவளின்ர மனுசனுக்குக் கால் போச்சுது, கேளாதவளின்ர மனுசன் முழுசா வந்திட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுது எண்டு நினை," என்றார்.

அம்மா மேல் எரிந்து விழுந்தேன். போனை வைத்த பிறகும் கோபம் ஆறவில்லை. அந்தத் தச்சர் வீட்டு வாசலில், அவருடைய மனைவியின் முகத்துக்கு நேரே நின்றபோது அதே நினைப்பு எனக்கும் வந்தது. ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது.