திறக்காத கோப்பும் ரைட் கிளிக் சாரும்

முதலில் மவுஸைத் துடைக்கிறார். சட்டைப் பையிலிருந்து எடுத்த கைக்குட்டையால் மேல்புறம், அடிப்புறம், நடுவில் இருக்கும் சக்கரத்தின் இடுக்கு என்று நிதானமாக. அதுவரை நாற்காலியின் சொந்தக்காரர் பக்கத்தில் கைகட்டி நிற்க வேண்டும். துடைத்து முடித்ததும் திரையைப் பார்ப்பதில்லை. ஆளைப் பார்த்துக் கேட்கிறார்.

“கடைசியா என்ன பண்ணீங்க?”

“ஒண்ணுமே பண்ணல சார்.”

“சரி. அந்த ஒண்ணுமே பண்ணாததை இன்னொரு தடவை பண்ணிக் காட்டுங்க.”

எங்கள் அலுவலகத்தில் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாரும் இல்லை. ரைட் கிளிக் சார் என்றால்தான் தெரியும். எந்தக் கோளாறுக்கும் அவர் கை முதலில் போவது மவுஸின் வலது பக்கம் என்பதால் வந்த பெயர். நாங்கள் மோதி நசுங்கிய கார்களுக்குச் சேத மதிப்பீடு எழுதுகிறவர்கள். நாள் முழுக்கப் பட்டறைகளிலிருந்து மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றோடும் ஓர் இணைப்பு வரும்: ஒடுங்கிய கதவு, ஒற்றைக் கண் போன விளக்கு, வாயைப் பிளந்த பானெட். அந்த இணைப்புகள் திறந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு. மாதம் ஒரு புதன்கிழமை காலையில் எல்லாக் கணினிகளும் தாமாகவே அப்டேட் ஆகிவிடும். அன்றைக்கு ஒரு கதவும் திறக்காது, ஒரு பானெட்டும் திறக்காது.

அந்தப் புதன்கிழமைகளில் ரைட் கிளிக் சார் வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வருவார். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு முன்னால் கிடைக்காது என்று தெரியும். மற்ற நாட்களில் தோல் செருப்பு. அன்று மட்டும் ரப்பர் காலணி. ஒல்லியான ஆள், நாற்பத்தெட்டு வயது, மேசைக்கு மேசை நடப்பதைப் பார்த்தால் பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி இருக்கும். யாருக்கு அவசரம், யார் அவசரம் போல நடிக்கிறார் என்பது அவருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

மனிதர்களை ‘நீங்க’ என்பார். கணினியை ‘நீ’ என்பார். இரண்டில் எதன் மேல் பாசம் அதிகம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. “என்னடா கண்ணு, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தே” என்று திரையைக் கொஞ்சுவார். நாம் ஏதாவது திட்டினால் முகம் சுருங்கிவிடும். “அதை ஏன் திட்டறீங்க? வீட்டுக்கு வெள்ளையடிச்சா சாமானெல்லாம் இடம் மாறிப் போகுதில்ல? அது மாதிரிதான். எந்த ஃபைலை எதுல திறக்கணும்னு அதுக்கு மறந்து போச்சு. நாமதான் ஞாபகப்படுத்தணும்.” சொல்லிக்கொண்டே ரைட் கிளிக் செய்து, பட்டியலில் சரியான மென்பொருளைக் காட்டி, ‘எப்போதும் இதிலேயே திற’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போடுவார். கதவு திறந்துகொள்ளும்.

சில நேரம் அதற்கும் மசியாது. அப்போது இன்னொரு விளக்கம் வைத்திருக்கிறார். “வாசல்ல புதுசா காவல்காரன் வந்திருக்கான். வெளியில இருந்து வர்ற ஃபைலையெல்லாம் நிறுத்தி வெச்சுட்டான். நம்ம ஆளுதான்யா, உள்ள விடுன்னு ஒரு வார்த்தை சொல்லணும்.” அந்த ஒரு வார்த்தை, கோப்பின் விவரங்களுக்குள் போனால் அடியில் ஒளிந்திருக்கும் இன்னொரு சின்னக் கட்டம். இந்த அலுவலகத்தில் பதினொரு வருடமாக அதைப் பார்க்கிறேன். தனியாகத் தேடினால் இன்றைக்கும் எனக்குக் கிடைப்பதில்லை.

படங்கள் எல்லாம் முதலில் வந்து சேர்வது போட்டோ அக்காவிடம். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், பொறுமையில் கடைசி. ஒரு கோப்பு திறக்கவில்லை என்றால் திறக்கும் வரை தட்டிக்கொண்டே இருப்பார். போன வருடம் ஒரு நாள் அப்படித் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோய்த்தான் ரைட் கிளிக் சாரைக் கூப்பிட்டார். அவர் வந்து அந்தச் சின்னக் கட்டத்தைத் தட்டியதும், அதுவரை வரிசையில் நின்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க ஆரம்பித்தது. ஒரே காரின் ஒரே கதவு நாற்பத்து மூன்று தடவை. “ஒண்ணுமே பண்ணலைன்னீங்களே அக்கா” என்றார் அவர். அக்கா அசரவில்லை. “நல்லா அடிபட்டிருக்கு பாருங்க” என்று கதவைக் காட்டினார்.

மேலாளரின் வழி வேறு. தனக்குத் திறக்கவில்லை என்றால் குற்றம் அனுப்பியவருடையது. மறுபடி அனுப்பு, மறுபடி அனுப்பு என்று பட்டறைக்காரரின் உயிரை வாங்கிவிடுவார். ஒருவர் ஒரே பம்பரை ஒன்பது முறை மின்னஞ்சலில் அனுப்பிப் பார்த்துவிட்டு, பத்தாவது முறை பம்பரையே கழற்றிப் பார்சலில் அனுப்பிவிட்டார். அது இரண்டு நாள் வரவேற்பறையில் கிடந்தது. ரைட் கிளிக் சார் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இது திறந்துதான் இருக்கு சார்” என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவு கெட்டிக்காரரிடம் எங்களுக்கெல்லாம் எரிச்சலூட்டும் பழக்கம் ஒன்று உண்டு. மாதாமாதம் தானாக வருவது போக, வேறு எந்த அப்டேட் பொத்தானையும் அவராக அழுத்தவே மாட்டார். எங்களையும் லேசில் அழுத்த விடமாட்டார். “எல்லாம் சேவ் பண்ணிட்டீங்களா? வேற இடத்துல ஒரு நகல் வெச்சிருக்கீங்களா? நாளைக்குக் காலையில யாருக்காவது எதையாவது குடுக்கணுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.” தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அத்தனை முறை கேட்டிருக்கிறேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், “ஒரு பொத்தானை அமுக்க இவ்வளவு சாங்கியமா சார்?” என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தன் தங்கையைப் பற்றிச் சொன்னார்.

தங்கை மண்புழுக்களைப் பற்றி ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்தவள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இவர் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கிறார். மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அவள் தண்ணீர் எடுக்க எழுந்து போன நேரம் பார்த்து, மடிக்கணினியின் மூலையில் ‘அப்டேட் தயார்’ என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்திருக்கிறது. இவர் கை சும்மா இருக்கவில்லை.

“தங்கச்சிக்கு நல்லது பண்றோம்னுதான் அமுக்கினேன்” என்றார்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கணினி கண் விழித்தபோது, நூற்று நாற்பது பக்கமும் வெறும் கட்டம் கட்டமாக நின்றது. அவள் தட்டச்சு செய்திருந்த பழைய எழுத்துருவை அப்டேட் தூக்கி எறிந்திருந்தது. ஒரு மண்புழுகூட மிஞ்சவில்லை. இவர் அலைந்து திரிந்து, அந்த எழுத்துருவைத் தேடிப் பிடித்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். கெடு திங்கட்கிழமை காலையே முடிந்திருந்தது. தங்கைக்கு ஒரு வருடம் போயிற்று, அதை நம்பி இருந்த வேலையும் போயிற்று. பிறகு பட்டமும் வாங்கினாள், வேறு வேலையும் கிடைத்தது. அண்ணனோடு பேச்சு மட்டும் நின்றது நின்றதுதான். அண்ணியோடு வாரம் தவறாமல் பேசுவாள். பின்னணியில் அண்ணன் இருமினால்கூட, “சரி அண்ணி, அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிடுவாளாம்.

“இருமலை அடக்கிக்கிட்டே அவ பேசறதைக் கேப்பேன்” என்றார் ரைட் கிளிக் சார். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

இந்த மாதம் அப்டேட் முடிந்த மறுநாள் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தங்கையிடமிருந்து. பட்டியலில் பார்த்தாலே தெரிந்தது: தலைப்பு இல்லை, ஒரு வரி கிடையாது, ஓர் இணைப்பு மட்டும். அவர் மேசை என் மேசைக்கு அடுத்தது. மனைவி தினமும் பதினோரு மணிக்குப் போன் செய்வார். இவர் கை எப்போதும் வேலையாக இருப்பதால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். அதனால் அந்தக் குடும்பத்து விஷயம் எதுவும் எனக்குத் தப்பாது.

“ஏங்க, உங்க தங்கச்சி அனுப்பினதைத் திறந்தீங்களா?”

“அப்டேட் ஆனதுல இருந்து திறக்க மாட்டேங்குது.”

“ஊர்ல இருக்கறவங்க ஃபைலெல்லாம் திறக்கறீங்க. அவ ஃபைல் மட்டும் பூட்டிக்கிச்சா?”

“பாக்கறேன். அதுல என்னதான் இருக்காம்?”

“என்கிட்ட சொல்ல மாட்டேங்கறா. அண்ணன் பாக்கட்டும்ங்கறா.”

இதே பேச்சு ஒன்பது நாள் நடந்தது. ஐந்தாம் நாள் நான் மெல்ல அவர் வாயைப் பிடுங்கினேன். “ஒரு வார்த்தை எழுதாம வெறும் அட்டாச்மெண்ட் அனுப்பினா அது என்னவா இருக்கும்? வக்கீல் நோட்டீசாத்தான் இருக்கும். அப்பா வீடு இன்னும் ரெண்டு பேர் பேர்லயும் கிடக்கு. பிரிச்சுக் குடுத்துட்டு ஒரேயடியா ஒதுங்கிக்கோன்னு சொல்றா போல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “திறக்காத வரைக்கும் அவ என் தங்கச்சி” என்றார்.

அவர் முன்னால் யாரும் பேசாவிட்டாலும் விஷயம் அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. ரைட் கிளிக் சாருக்கே ஒரு கோப்பு திறக்கவில்லை என்பது சின்ன விஷயமா? பத்தாவது நாள் காலையில் போட்டோ அக்கா நேராக அவர் மேசைக்கு வந்து நின்றார். பின்னால் மேலாளர். அவருக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர்.

“எழுந்திருங்க சார்” என்றார் அக்கா.

“எதுக்கு?”

“எத்தனை தடவை நான் எழுந்து நின்னிருக்கேன். எழுந்திருங்க.”

அவர் எழுந்தார். அக்கா உட்கார்ந்து, தன் முந்தானையால் மவுஸைத் துடைத்தார். சிரிப்பை அடக்க முடியாமல் நான் குனிந்துகொண்டேன்.

“கடைசியா என்ன பண்ணீங்க?”

“ஒண்ணுமே பண்ணல” என்றார் ரைட் கிளிக் சார்.

“அனுப்பினவங்களை மறுபடி அனுப்பச் சொன்னீங்களா?” என்று மேலாளர் பின்னாலிருந்து எட்டிக் கேட்டார்.

அக்கா பட்டியலில் மேலும் கீழும் போய் அந்த மின்னஞ்சலைக் கண்டுபிடித்தார். மவுஸில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அதன் வரி தடித்த எழுத்தில் இருந்தது. படிக்காத மின்னஞ்சல்கள்தான் அப்படி இருக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பத்து நாளில் அவர் அதை ஒரு தடவைகூடத் தொட்டிருக்கவில்லை. ஒண்ணுமே பண்ணல என்று அந்த அலுவலகத்தில் ஒருவர் நிஜமாகவே சொன்னது அன்றைக்குத்தான்.

அக்கா திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார். “இது என் கைக்கு அடங்காது. நீங்களே பாருங்க சார்” என்று சொல்லிவிட்டு, திரும்பிக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். “என்ன வேடிக்கை? கதவும் பானெட்டும் அங்க குவிஞ்சு கிடக்கு.” கூட்டம் கலைந்தது. மேலாளர்கூடப் போய்விட்டார். அக்கா மேல் எனக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன் வந்ததில்லை.

என் மேசை அங்கேயே இருப்பதால் நான் மட்டும் போக முடியவில்லை. போகவும் எனக்கு மனமில்லை. ரைட் கிளிக் சார் உட்கார்ந்தார். வலது பக்கம் எல்லாம் வேண்டியிருக்கவில்லை. இடது பக்கம் இரண்டு தட்டு தட்டினார். காவல்காரன் தடுக்கவில்லை, எந்தக் கட்டமும் முளைக்கவில்லை. கோப்பு இரண்டு நொடியில் திறந்துகொண்டது.

வக்கீல் நோட்டீஸ் இல்லை. ஒரு மடிக்கணினித் திரையின் படம். மூலையில் ‘அப்டேட் தயார்’ என்ற பெட்டி, அதில் ‘இப்போது’, ‘பிறகு’ என்று இரண்டு பொத்தான்கள். படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: ‘அண்ணா, இது தினமும் கேட்டுக்கிட்டே இருக்கு. அமுக்கட்டுமா?’

பத்து நாளாக அவளும் அழுத்தாமல் காத்திருக்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கைபேசியை எடுத்து எண்ணைத் தேடிக் கூப்பிட்டார். எதிர்முனையில் எடுத்ததும் ஒரு குரல், சின்னதாக, எனக்கே கேட்டது. “அண்ணா?”

அவர் இருமினார். எதிர்முனை வைக்கவில்லை.

“மெயில் வந்துச்சும்மா” என்றார். திரையில் அந்த வரி பளிச்சென்று நின்றது. அதைப் பார்த்தபடியேதான் பேசினார். “அப்டேட் ஆனதுல இருந்து இங்க ஒண்ணும் சரியில்ல. எது அனுப்பினாலும் திறக்க மாட்டேங்குது. என்ன அனுப்பினேன்னு நீயே சொல்லும்மா. மெதுவாச் சொல்லு, எனக்கு இப்ப வேலை ஒண்ணும் இல்ல.”

சொல்லிவிட்டு, கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, மற்ற கையால் மவுஸைப் பிடித்து, கோப்பைச் சத்தமில்லாமல் மூடினார்.