இரண்டு மூட்டை யூரியாவும் என் இன்சுலினும்

என் பிடரியில் படர்ந்திருந்த கறுப்பை நான் அழுக்கு என்றுதான் நம்பினேன். சங்கராபுரத்தில் உரக்கடை வைத்திருப்பவன் கழுத்தில் வேறென்ன இருக்கும்? பீர்க்கங்கூட்டை எடுத்து ஒரு வாரம் தேய்த்தேன். தோல் எரிந்ததே தவிர கறுப்பு அசையவில்லை. கடைசியில் மனைவியைத் தேய்க்கச் சொன்னேன்.

"இன்னாங்க இது, தேய்க்கத் தேய்க்க எருமைய கழுவுனாப்புல மின்னுது? போய் டாக்டராண்ட காட்டுங்க."

கள்ளக்குறிச்சி டாக்டரம்மா கழுத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றுப் பதினாறு.

"இது அழுக்கு இல்லீங்க. ஒங்க ஒடம்புல இன்சுலின் நல்லாவே சுரக்குது. ஆனா ஒடம்பு அது சொல்றத கேக்கல. அதனால இன்னும் ஜாஸ்தியா சுரக்குது, அதான் கழுத்து கறுக்குது. இன்சுலின் ஜாஸ்தியா இருந்தா வயித்துக் கொழுப்பு லேசுல கரையாது. கொழுப்பு ஏற ஏற ஒடம்பு இன்னும் கேக்காது."

"எங்க வூட்லயும் இதே கததாங்க. நான் சொல்றத யாரும் கேக்கல, அதனால இன்னும் ஜாஸ்தியா கத்தறன்."

அவர் சிரிக்கவில்லை. "சர்க்கரை நோய் இன்னும் வரல. வாசப்படியில நிக்குது. மூணு மாசம் டைம். எடைய கொறைங்க, இல்லன்னா மாத்திரைதான்."

பஸ்ஸில் உட்கார்ந்ததுமே செருப்பைக் கழற்றிக் கால்விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன. ஊர் வந்து சேர்வதற்குள் இன்னும் மூன்று முறை எண்ணினேன். வீட்டில் மனைவியிடம், "நான் போயிட்டா கடைய நீதான் பாத்துக்கணும்" என்று தழுதழுத்தேன்.

"போறதுன்னா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுப் போங்க" என்றாள்.

மறுநாளே மருந்தை நானாகக் கண்டுபிடித்தேன். கல்வராயன் மலையிலிருந்து உரம் வாங்க வரும் விவசாயி ஒருவர் என் வயதுக்காரர்தான். இடுப்பில் ஒரு பிடி சதை கிடையாது. சாப்பிடுவது சாமை. அவரிடமே ஒரு மூட்டை வரவழைத்தேன். அரிசிச் சோறென்றால் ஒரு தட்டோடு நிறுத்துவேன். சாமை மருந்தாயிற்றே, மூன்று தட்டு. டீயில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை. கடைக்கு யார் வந்தாலும் டீ சொல்வது எங்கள் வழக்கம். வந்தவர் தனியாகக் குடித்தால் நன்றாயிருக்காதென்று நானும் குடிப்பேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது வருவார்கள்.

எண்பத்தெட்டு கிலோவாக இருந்தவன், ஒரு மாதம் கழித்து மருந்துக்கடை மெஷினில் ஏறினால் தொண்ணூறு! மெஷின் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டி, எங்கள் கடைத் தராசையே நம்பினேன். முதலில் ஒரு யூரியா மூட்டையை வைத்துச் சோதித்தேன். சரியாக நாற்பத்தைந்து. இறக்கிவிட்டு நான் ஏறினேன்.

அந்நேரம் பார்த்தா அந்த மலைக்காரர் வர வேண்டும்? "இன்னா மொதலாளி, தொண்ணூறா? ரெண்டு மூட்ட யூரியா!"

"எல்லாம் ஒங்க சாமை பண்ண வேல."

"எவ்ளோ துன்றீங்க?"

சொன்னேன். "மூணு தட்டா! நாங்க துன்னுட்டு மேட்டுக்காட்டுல ஏர் ஓட்டறோம். நீங்க துன்னுட்டு அந்த நாற்காலியில இல்ல உக்காந்துக்கினு இருக்கீங்க!"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டீ வந்தது. எனக்கு வேண்டாமென்றேன். கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள், உண்மையில் பயம்.

அதற்குப் பிறகு சாமை அரைத் தட்டு, மீதித் தட்டில் கீரையும் கொள்ளும். வருகிறவர்களுக்கு டீ, எனக்கு வெந்நீர். பைக்கை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்கு நடந்தேன். அதுதான் பெரும்பாடு. வழியில் வருகிறவர்களெல்லாம் வண்டியை நிறுத்தி, "வண்டி இன்னாச்சுங்க? ஏறுங்க, நான் வுட்டுட்றன்" என்பார்கள். முதல் வாரத்தில் இரண்டு முறை ஏறியும் விட்டேன்.

மூன்று மாதம் முடிந்து ரிப்போர்ட்டை வாங்கினேன். எடை எண்பத்தைந்து, சர்க்கரை நூற்று மூன்று. டாக்டரம்மா மாத்திரை எழுதவில்லை. இன்னும் குறைக்க வேண்டும் என்றார். ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார்.